வெந்நீர் விதி

கடலுக்கு அடியில் பாடக் கூடாது என்று முள்ளித்துறை குடிநீர் நிலையத்தில் விதி எதுவும் இல்லை. இருந்திருந்தால் கித்தேரியான் அந்த வேலைக்கே வந்திருக்க மாட்டான். கூண்டு கீழே இறங்கத் தொடங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவான். சுருதிக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். டாக்டர் கிளாடிஸ் வழக்கம்போல இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

"ஒன் பாட்டைக் கேட்டுத்தான் மீன் எல்லாம் ஓடிப்போச்சு. நாங்க கடல்ல விடுற வெந்நீரை ஊர்க்காரங்க வீணா குத்தம் சொல்லுதாங்க."

"ஓடாத மீனு ஒண்ணு இருக்குல்லாக்கா. சொறி. அதுக்கு எம் பாட்டுன்னா உசிரு."

சொறி என்று முள்ளித்துறைக்காரர்கள் சொல்வது ஜெல்லிமீனைத்தான். உடம்பில் பட்டால் அரிக்கும், வலையில் ஏறினால் வலையே பாழ். அந்தச் சொறியைச் சுரங்கத்துக்குள் பெருகவிடாமல் வைத்திருப்பதுதான் கிளாடிஸின் வேலை, படிப்பு, பெயர், புகழ் எல்லாம். ஆறு என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் ஓடும் காலம் அது. மூன்று மாவட்டங்களின் குழாய்களில் வரும் தண்ணீர் இந்த ஒரு சுரங்கம் வழியாகக் கடலிலிருந்து உறிஞ்சப்பட்டு, நிலையத்து ஆலையில் உப்பு நீங்கி வருகிற தண்ணீர்.

அவர்கள் போய்க்கொண்டிருந்தது ஆய்வறைக்கு. உறிஞ்சு சுரங்கத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புப் பெட்டிதான் அந்த அறை. இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். சுரங்கத்தைப் பார்க்கத் தடித்த கண்ணாடி ஜன்னல் ஒன்று, சுரங்கத்துக்குள் திறக்கும் இரும்புக் கதவு ஒன்று, கம்பி வழியே பேசும் பழைய டெலிபோன் ஒன்று, வெந்நீர்க் குழாயின் வால்வைத் திருப்பும் சக்கரம் ஒன்று, பம்புப் பக்கத்துச் சூட்டைக் காட்டும் வெப்பமானி ஒன்று. அவ்வளவுதான் அங்கே சொத்து. சுரங்கத்துக்குள் இருந்த கேமராக்களின் முகத்தையும் சொறியின் மொட்டுகள் மூடிவிட்டதால், நேரில் பார்த்துவிடலாம் என்று கிளாடிஸ் கிளம்பியிருந்தாள்.

இறங்கிய பிறகுதான் கித்தேரியானுக்குத் தன் கருவிப்பை மேலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. அதைப் போட்டு அனுப்பச் சொல்லிக் கூண்டை வெறுமையாக மேலே அனுப்பினான். பை வந்தது. கூடவே கயிறும் வந்தது. பாதி வழியில் அறுந்து, கூண்டு கோணலாகச் சரிந்து, தான் இறங்கும் குழாயின் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு, அவர்கள் தலைக்குச் சற்று மேலே வந்து சிக்கி நின்றது. அந்தச் சத்தம் அடங்கியதும் இன்னொரு சத்தமும் அடங்கிவிட்டதைக் கிளாடிஸ் கவனித்தாள். மேலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாய் சீறுவது நின்றிருந்தது. கூண்டு அதை நசுக்கிவிட்டது.

கித்தேரியான் பாட்டை நிறுத்தினான்.

டெலிபோனில் நிலைய மேலாளர் நெல்லையப்பன் வந்தார். நல்ல மனுஷர். மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான். கோப்புகளில் படித்ததைத் தவிர சொறியைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது.

"டாக்டரம்மா, ரெண்டு பேருக்கும் அடி ஒண்ணும் இல்லையே? சாமி காப்பாத்துச்சு. இங்க பாருங்க, கூண்டை வெட்டி எடுக்க ரெண்டு நாளாவது ஆகும்ங்கான். வெட்டும்போது அது ஒங்க தலையிலயே விழுந்தாலும் விழும்ங்கான். ஒங்களுக்குக் காத்து எம்புட்டு நேரம் தாங்கும்?"

"அவ்வளவு தாங்காது சார். இன்னைக்குப் பொழுது தாண்டுறதே கஷ்டம்."

"அப்போ ஒரே வழிதான். முக்குளிக்கிறவங்களைச் சுரங்கத்து வாய் வழியா உள்ள அனுப்பி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஒங்களைக் கூட்டிட்டு வரணும். பம்பு ஓடும்போது ஆளை அனுப்பினா இழுத்துட்டுப் போயிரும். நான் பம்பை நிறுத்தச் சொல்லப் போறேன்."

கிளாடிஸின் உடம்பு முழுவதும் அந்தச் சொல்லுக்காக ஏங்கியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நிறுத்தாதிய சார்."

"என்னது?"

"நிறுத்தாதிய. நான் சொல்லுதது கேக்குதா?"

பக்கத்தில் கித்தேரியான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள். "சொறி ஒரு வேடிக்கையான பிறவி சார். குடை மாதிரி மெதக்கிறது அதோட பாதி வாழ்க்கைதான். மீதிப் பாதியைச் செவத்துல ஒட்டிக்கிட்டு, சின்ன மொட்டா, வருஷக்கணக்குல சும்மா இருந்தே கழிக்கும். தண்ணி சூடா இருக்குற வரைக்கும் மொட்டு மொட்டாவே இருக்கும். பக்கத்துல இன்னொரு மொட்டு விடும், அது இன்னொண்ணு விடும், அவ்வளவுதான். என்னைக்குத் தண்ணி குளிருதோ, அன்னைக்கு மொட்டு நீண்டு, தட்டுத் தட்டாப் பிரியும். ஒவ்வொரு தட்டும் உதிர்ந்து ஒரு குட்டிச் சொறி. ஒரு மொட்டுலேருந்து பத்து, பதினஞ்சு."

"இதெல்லாம் படிச்சேம்மா. ஆனா கொஞ்ச நேரம்தானே..."

"முன்னாடி இங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? சொறி வந்து அடைக்கும். பம்பை நிறுத்தி வாரி எடுப்பாங்க. பம்பு நின்னா ஆலையிலேருந்து வர்ற வெந்நீரும் நின்னுரும், சுரங்கம் குளிர்ந்துரும். செவத்துல இருக்குற மொட்டெல்லாம் பிரியும். அடுத்த மாசம் முன்னைவிட அதிகமா வந்து அடைக்கும். மறுபடி நிறுத்துவாங்க. கூட்டிப் பெருக்குறோம்னு நெனச்சு வெதைச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. அதைக் கண்டுபிடிச்சுத்தான் நான் வெந்நீர் விதி போட்டேன். ஆலையில மிஞ்சுற வெந்நீரைச் சுரங்கத்து வாயில கலந்துக்கிட்டே இருக்கணும், பம்பை ஒரு நாளும் நிறுத்தக் கூடாதுன்னு."

"சரிம்மா, இப்போ நிறுத்தினா?"

"இத்தனை வருஷமா மொட்டு ஒண்ணுகூடப் பிரியல. பெருகிக்கிட்டே மட்டும் இருக்கு. செவத்துல இப்போ மெத்தை மாதிரி கெடக்கு. எல்லாம் ஒரே நேரத்துல பிரிஞ்சா வடிகட்டி, உப்பைப் பிரிக்கிற சவ்வு எல்லாம் நாசம். மூணு மாவட்டத்துக்கும் மாசக்கணக்குல தண்ணி இருக்காது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எல்லாத்தையும் யோசிச்சுப் பாருங்க."

நெல்லையப்பன் மெதுவாக, "சென்னைக்குக் கேட்டுச் சொல்லுதேம்மா," என்றார். அழுகிறாரோ என்று தோன்றியது.

கிளாடிஸ் டெலிபோனை மாட்டினாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் வாயாலேயே தன் மூச்சை நிறுத்திக்கொண்ட புண்ணியவதி ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது. தன்னுடையதை மட்டுமா? பக்கத்தில் நிற்பவனை ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.

"மன்னிச்சுக்கோ கித்தேரி."

"நல்லாத்தான் சொன்னிய," என்றான் கித்தேரியான். "எந் தம்பிக்கும் இதையேதான் சொல்லி அனுப்பினிய."

அந்தப் பேச்சு என்றைக்காவது வரும் என்று அவளுக்குத் தெரியும். இந்த இரும்புப் பெட்டிக்குள் வரும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை. கித்தேரியானின் தம்பி பிச்சையா சில வருஷங்களுக்கு முன்பு சுரங்கத்து வாயருகே படகு கவிழ்ந்து உள்ளே இழுக்கப்பட்டவன். உயிரோடு இருக்க வழியில்லை. உடலையாவது எடுத்துத் தாருங்கள், கொஞ்ச நேரம் பம்பை நிறுத்துங்கள் என்று முள்ளித்துறையே திரண்டு வந்து வாசலில் உட்கார்ந்தது. கிளாடிஸ் வாசலுக்குப் போகவில்லை. விதியைச் சொல்லி அனுப்பினாள். அத்தோடு நிற்காமல், இனிமேல் மந்திரி கேட்டாலும் கோயில் கொடைத் திருவிழாக்காரர்கள் கேட்டாலும் சரி, சுரங்கத்தில் மாட்டிக்கொண்டவர்களே கெஞ்சினாலும் சரி, யார் பேச்சையும் நம்பி நிறுத்தக் கூடாது என்று விதியில் சேர்க்கச் சொன்னாள். 'நானே கேட்டாலும் கேட்காதீர்கள்' என்று அன்று சிரித்துக்கொண்டே சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஊர்க்காரர்களைச் சமாதானப்படுத்த நிலையத்தில் சில வேலைகள் கொடுத்தார்கள். அதில் ஒன்று கித்தேரியானுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அவன் பாடினான், கேலி பேசினான், அவளை அக்கா என்று கூப்பிட்டான். தம்பியைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே அவள் அவனிடம் அதிகமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"என் மேல கோவமா?" என்றாள்.

"இருந்துச்சு. அம்மைக்கு இன்னும் இருக்கு. இப்போ நீங்க ஒங்களுக்கும் அதையேதான சொன்னிய. அதனால பாதி கொறைஞ்சிட்டு." அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "சும்மா கெடக்கிறதுக்கு, வந்த வேலையையாவது பாருங்கக்கா."

அவளும் எழுந்து கண்ணாடியில் முகத்தை வைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் சுரங்கச் சுவர் தெரிந்தது. மொட்டுகள் நெல்மணி அளவில் நெருக்கியடித்துக்கொண்டு, நீரோட்டத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவள் பார்த்தது அதுவல்ல. மொட்டுகள் நீண்டிருந்தன. நீண்ட தண்டு முழுவதும் வரிவரியாகக் கோடு விழுந்து, இட்லித் தட்டுகளை அடுக்கியதுபோல இருந்தது. ஒன்றிரண்டு அல்ல, வெளிச்சம் போன இடமெல்லாம் அப்படித்தான். நுனித்தட்டுகள் சில துடித்துக்கொண்டிருந்தன.

வெந்நீரில் பிரிந்துகொண்டிருக்கின்றன.

அவள் வெப்பமானியைப் பார்த்தாள். சூடு கொஞ்சமும் குறையவில்லை. மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். குளிருக்குக் காத்திருந்த தலைமுறைகள் காத்திருந்தே செத்திருக்கும். குளிர் வேண்டாம் என்று பிரியத் துணிந்த ஏதோ ஒன்று பெருகிப் பெருகி இந்தச் சுவரைப் பிடித்திருக்கிறது. அதை வளர்த்தது யார்? அவளுடைய வெந்நீர்தான். வாழ்நாள் வேலை எதிரே நின்று பல்லைக் காட்டியதுபோல் இருந்தது. அந்த அதிர்ச்சிக்கு நடுவே ஓர் அசட்டுச் சந்தோஷமும் எழுந்தது. பம்பை நிறுத்தலாம். நிறுத்தியே ஆக வேண்டும்.

டெலிபோனைப் பிடுங்கினாள். "சார், உடனே நிறுத்துங்க! மொட்டு ஏற்கெனவே பிரிஞ்சுக்கிட்டு இருக்கு. ரெண்டு மூணு நாள்ல எல்லாம் உதிர்ந்துரும். அப்போ பம்பு ஓடிக்கிட்டு இருந்தா அத்தனையும் உள்ள போய்ச் சவ்வைக் கிழிச்சிரும். இப்பவே நிறுத்தி, வாயை அடைச்சு, வலை போட்டீங்கன்னா ஆலை தப்பிச்சிரும். தொட்டியில இருக்குற தண்ணியை வச்சுச் சமாளிச்சிரலாம்."

நெல்லையப்பன் அங்கிருந்த வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"டாக்டரம்மா, வெப்பமானி இங்கயும் இருக்கு. சூடு அப்படியே நிக்குது."

"சூட்டுலயே பிரியுது சார். மாறிட்டு. நான் கண்ணால பாக்கேன்."

"கொஞ்சம் முன்னாடி நிறுத்தாதியன்னு சொன்னதும் நீங்கதான்."

"அப்போ நான் பாக்கல!"

"அம்மா," என்றார் அவர், குழந்தையிடம் பேசுவதுபோல. "காத்து கொறைஞ்சா புத்தி தடுமாறும்னு டாக்டர் இங்க சொல்லுதாரு. விதியில நீங்களே எழுதச் சொன்னதை என் முன்னால வச்சிருக்காங்க. சென்னையிலயும் அதைத்தான் படிச்சுக் காட்டுதாங்க. ஒங்க எடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவேன். நான் என்னம்மா செய்ய?"

அவள் கத்தினாள். கெஞ்சினாள். மொட்டின் நீளத்தைச் சொன்னாள், தட்டுகளின் எண்ணிக்கையைச் சொன்னாள், திரும்பக் கத்தினாள். கத்தக் கத்த, சாகப் பயந்த ஒருத்தி உளறுவதுபோலவே தனக்கே கேட்டது. வடிகட்டியில் குட்டிச் சொறி ஏதாவது வந்திருக்கிறதா பாருங்கள் என்றாள். பார்த்தார்கள். வரவில்லை. இன்னும் உதிராதது எப்படி வரும்? தான் போட்ட பூட்டுக்குள் தானே மாட்டிக்கொண்டு, சாவி இருக்கிறது இருக்கிறது என்று உள்ளேயிருந்து கத்துவதுபோல் ஆகிவிட்டது அவள் நிலைமை. தலை வலித்தது. இரும்புச் சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது.

கித்தேரியான் அவள் கையிலிருந்து டெலிபோனை வாங்கினான்.

"சார், கித்தேரியான் பேசுதேன். அக்கா சொல்லுதது நெசம். ஆனா சூட்டுல பிரியல. நாந்தான் குளிர வச்சேன்."

கிளாடிஸ் அவனைப் பார்த்தாள்.

"வெந்நீர் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சேன் சார். இறங்குற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம். வாய்ப்பக்கம் எல்லாம் குளுந்து கெடக்கு. வெப்பமானி எல்லாம் பம்புப் பக்கத்துலல்லா இருக்கு, அதுல பம்புச் சூடுதான தெரியும்? ... எதுக்கா? எந் தம்பி அதுக்குள்ளதான கெடக்கான். ஒரு மணி நேரம் நிறுத்த மாட்டோம்னிய. சொறி அடைச்சாலாவது நிறுத்துவியளேன்னு செஞ்சேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. ஆமா சார். எழுதிக்கோங்க. ஜெயிலுக்குப் போறேன், தூக்குல வேணும்னாலும் போடுங்க. இப்போ நிறுத்தலன்னா நாளான்னைக்கு ஆலையும் போயிரும்."

அவளுக்குள் ஏதோ வெடித்தது. இத்தனை வருஷம் அக்கா அக்கா என்று சிரித்துக்கொண்டே அடைத்திருக்கிறான்! கண்ணாடியில் கண்டது புதுப் பிறவி அல்ல. இவன் செய்த வேலை. அவனை ஓங்கி ஓர் அறை விட்டாள். அவன் டெலிபோனை விடவில்லை. இன்னும் கொஞ்சம் வெந்நீரையாவது விடலாம் என்று சக்கரத்தின்மேல் பாய்ந்து முழுப்பலத்தோடு திறக்கும் பக்கமாகத் திருப்பினாள்.

திரும்பவில்லை. அது முழுவதும் திறந்தே இருந்தது. சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவில், நிலையம் தொடங்கிய காலத்தில் பூசிய பச்சைப் பெயின்ட் ஒரு கீறல்கூட விழாமல் ஒரே தோலாக மூடியிருந்தது. யாரும் அதைத் தொட்டதே இல்லை.

அவள் மெதுவாகத் திரும்பினாள். கித்தேரியானின் கன்னத்தில் அவள் விரல்கள் சிவந்திருந்தன. அவன் டெலிபோனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தலையை லேசாக ஆட்டினான். பேசாதீர்கள் என்று அர்த்தம்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடும். இரண்டு பேரும் செத்தும் போவார்கள். கிளாடிஸ் பேசவில்லை. உயிர்மேல் ஆசை என்றால் என்னவென்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததற்காக வெட்கப்பட்டாள்.

டெலிபோனில் நெல்லையப்பன் கித்தேரியானைத் திட்டியது அவளுக்கே கேட்டது. அவருக்கு அத்தனை கெட்ட வார்த்தைகள் தெரியும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. திட்டி முடித்துவிட்டு, நிறுத்தச் சொன்னார்.

பம்பின் இரைச்சல் அடங்கியது. வருஷக்கணக்கில் கேட்டுப் பழகிய இரைச்சல் இல்லாமல் போனதும் காது அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, பேசிக் காற்றைச் செலவழிக்காமல் காத்திருந்தார்கள். கடைசியில் சுரங்கப் பக்கத்துக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அறைக்குள் கழுத்தளவுக்குத் தண்ணீரை விட்டு, கதவைத் திறந்து, முகமூடி மாட்டி, அவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். சுரங்கம் நெடுகிலும் சுவரில் கோடிக்கணக்கான தட்டுகள் ஒரே தாளத்தில் துடித்தன. கிளாடிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

கரையில் போலீஸ் வேன் நின்றது. ஈரத் துணியோடேயே கித்தேரியானை ஏற்றினார்கள்.

சுரங்கத்து வாயை அடைத்து வலை கட்டியதால் உதிர்ந்த சொறியில் பெரும்பகுதியை வாரிவிட்டார்கள். ஆலை பிழைத்தது. ஆனாலும் மூன்று மாவட்டங்களும் குடத்தோடு வரிசையில் நின்றன. லாரி வராத தெருக்களில் அடிதடி நடந்தது. தண்ணீர் இல்லாமல் ஆஸ்பத்திரிகள் திணறின. ஜனங்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, கித்தேரியான் கிடைத்தான். முள்ளித்துறைக்காரன் என்று தெரிந்தால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் எல்லாரையும் நிலையத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சுரங்கத்தைச் சுத்தம் செய்தபோது வளைவுக் கம்பியில் சிக்கியிருந்த எலும்புகளும் கிடைத்தன. பிச்சையாவின் அடக்கத்துக்குக் கித்தேரியானை விலங்கோடு கூட்டிவந்து, மண் போட்டதும் திரும்பக் கொண்டுபோனார்கள்.

விசாரணைக் கமிஷனில் கிளாடிஸ் உண்மையைச் சொன்னாள். வால்வு முழுவதும் திறந்திருந்தது என்றாள். கித்தேரியான் உயிர் காக்கப் பொய் சொன்னான், சொறிதான் மாறிவிட்டது, வெந்நீரை இனி நம்ப முடியாது என்றாள். ஆதாரம் கேட்டார்கள், பெயின்டைப் பற்றிச் சொன்னாள். ஆனால் ஆலையை நிறுத்திய அன்றே அந்தச் சக்கரத்தைத் திருப்பி மூடியிருந்தார்கள். பெயின்ட் உதிர்ந்து போயிருந்தது. சுவரிலிருந்து சுரண்டிய மொட்டுகளையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்கள். தப்பிப் பிழைத்த சிலதுதான் சுரங்க இடுக்குகளில் இருந்தன.

நீதிபதி வயதானவர், அன்பானவர். "அம்மா, அந்தப் பையன் உங்க உயிரைக் காப்பாத்தியிருக்கான். நன்றி இருக்கத்தானே செய்யும்? உங்களைத் தப்பா நினைக்கல," என்றார்.

மூன்று தடவை போய்ச் சொன்னாள். மூன்று தடவையும் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். நெல்லையப்பன்கூட, "ஓய்வு எடுங்கம்மா," என்றுதான் சொன்னார். கித்தேரியான்மேல் பழி இருக்கும் வரை விதி பிழைத்திருக்கும். விதி பிழைத்திருந்தால் ஆலை ஓடும். வெந்நீரை இன்னும் கூடுதலாகக் கலந்து, வருகிற வாரம் முதல் பழையபடி நிறுத்தாமல் ஓட்டுவது என்று முடிவாகிவிட்டது. இடுக்கில் மிஞ்சியிருக்கும் மொட்டுகளுக்கு அந்த வெந்நீர் பிறந்த வீடு.

சிறையில் போய் அவனைப் பார்த்தாள். இளைத்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான்.

"இங்கயும் பாடுதேன்க்கா. பக்கத்து அறைக்காரன் மனு எழுதிப் போட்டுட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் எவ்வளவு சொல்லியும் நம்ப மாட்டேங்காங்க கித்தேரி. நெசத்தைத்தான் சொல்லுதேன்."

"எப்படி நம்புவாவ? நீங்க சொல்லுததால ஒங்களுக்கு என்னக்கா நட்டம்? ஒண்ணும் இல்ல. என்னையக் காப்பாத்தினா ஒங்க மனசு ஆறும், லாபந்தான். லாபத்துக்குப் பேசுறவன் பேச்சை எவன் கேப்பான்? அன்னைக்கு அறையிலயும் அதான நடந்துச்சு. நீங்க நெசம் சொன்னிய, உசிருக்குச் சொல்லுதாவன்னு விட்டுட்டாங்க. நான் என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன், ஒடனே நிறுத்தினாவ."

"ஒன்னை யாரு போடச் சொன்னா?"

"செத்துருவோம்லாக்கா," என்றான் அவன், அதைவிட எளிதான காரணம் உலகத்தில் இல்லை என்பதுபோல. "பெறவு, தம்பியையும் எடுத்தாச்சு. அம்மை இப்போ ரெண்டு வாய் சாப்பிடுதாளாம். எனக்கு இது போதும். நீங்க வெறுதே அலையாதிய."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்ச்சுவரில் அவன் பெயரை எழுதி, அதற்குக் கீழே எழுதக் கூடாததை எழுதியிருந்தார்கள். கிளாடிஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பஸ்கள் போய்விட்டன.

மறுநாள் கமிஷன் கூடியதும் நான்காவது தடவையாக எழுந்தாள். நீதிபதி பொறுமையாகப் பெருமூச்சு விட்டார். ஆலையின் வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயா, இதுவரைக்கும் நான் முழுசாச் சொல்லல," என்றாள். "சொறி வெந்நீர்லயே பிரிய ஆரம்பிச்சது எனக்குப் போன வருஷமே தெரியும். ஆய்வுக்கூடத்துத் தொட்டியில பார்த்தேன். பார்த்துட்டு, தொட்டியைக் கழுவி ஊத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

வக்கீல் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஏன் சொல்லல?" என்றார் நீதிபதி.

"வெந்நீர் விதி என் பேர்ல இருக்கு. விதி பொய்யாயிட்டா என் பேரும் போயிரும். அதுக்குப் பயந்தேன். கித்தேரியானுக்கு எதுவும் தெரியாது. அறையில மாட்டுனப்போ, என் குத்தம் வெளிய வரக் கூடாதுன்னு நாந்தான் அவனை அப்படிச் சொல்லச் சொன்னேன். அக்கா சொல்லுதாளேன்னு சொன்னான். இத்தனை பேர் தண்ணியில்லாம தவிச்சதுக்கு நாந்தான் காரணம். திரும்ப ஆலையை ஓட்டினீங்கன்னா இதேதான் நடக்கும்."

அப்படி ஒரு தொட்டி இருந்ததே இல்லை. போன வருஷம் அவள் தன் விதியை மனதார நம்பிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு கூச்சல். பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு பெண், "பாவி! எம் பிள்ளை தண்ணி லாரிக்கு ஓடிக் காலு போச்சேடி!" என்று அலறினாள். கிளாடிஸ் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. நெல்லையப்பன் அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்பான நீதிபதியின் முகத்தில் இப்போது அன்பு இல்லை. ஆலையை ஓட்டக் கூடாது என்று அங்கேயே வாய்மொழியாக உத்தரவிட்டார், கித்தேரியானைப் பற்றிச் சிறைக்குத் தகவல் அனுப்பச் சொன்னார். ஒரு பெண் போலீஸ் வந்து கிளாடிஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

இந்தத் தடவை அவளிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.